மீட்டர் பிறந்த வழி: டன்கர்க் முதல் பார்சலோனா வரை

டன்கர்க்

மீட்டர் ஒரு பயணத்தில் பிறந்த அளவு. பிரான்சின் வடகோடியில், வட கடலின் ஓரமாக இருக்கும் டன்கர்க்கில் தொடங்கும் அந்த வழி, பாரிஸைக் கடந்து தெற்கே இறங்கி, பைரனீஸ் மலையைத் தாண்டி, ஸ்பெயினின் பார்சலோனாவில் கடலைத் தொடுகிறது. இரண்டும் துறைமுகங்கள்; இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. இடையே ஒன்பதரைப் பாகைக்குச் சற்று மேல் அட்சரேகை வேறுபாடு உண்டு. துருவத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் சரிபாதியான 45-வது பாகை இவ்விரண்டுக்கும் இடையில் விழுகிறது. 1791 மார்ச்சில் பிரெஞ்சு அறிவியல் கழகம் இந்தத் துண்டைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுதான். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று அன்று வகுத்தார்கள். முழுத் தூரத்தையும் யாராலும் அளக்க முடியாது. பத்தில் ஒரு பங்கை அளந்து, மீதியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வேலை இரண்டு வானியலாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. டன்கர்க்கிலிருந்து ரோடேஸ் வரை ழான்-பாப்டிஸ்ட் டெலாம்பர். ரோடேஸிலிருந்து பார்சலோனா வரை பியர் மெஷான். 1792 கோடையில் கிளம்பியவர்கள் வேலையை முடிக்க 1798 ஆனது. ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து கண்ணுக்கெட்டும் வேறு இரு கோபுரங்களைப் பார்த்து, இடைப்பட்ட கோணத்தைக் குறித்துக்கொள்வது. பிறகு அவற்றுள் ஒன்றில் ஏறி அடுத்த முக்கோணத்தைக் கட்டுவது. நூற்றுக்கும் மேற்பட்ட முக்கோணங்கள் இப்படிக் கோக்கப்பட்டன. அந்தச் சங்கிலியின் வடமுனை டன்கர்க் நகரின் நடுவில் செங்கல்லால் எழுந்து நிற்கும் மணிக்கூண்டு. இரண்டாம் உலகப் போரில் ஊரில் பெரும்பகுதி இடிந்தபோதும் கூண்டு தப்பியது. மேலே ஏறினால் ஒரு பக்கம் துறைமுகமும் சாம்பல் நிறக் கடலும், மறுபக்கம் மேடு பள்ளமே இல்லாத ஃபிளாண்டர்ஸ் சமவெளியும் தெரிகின்றன. தொலைவில் தேவாலயக் கூம்புகள் ஊசிகளாக நிற்கின்றன. முக்கோணம் கட்ட இதைவிட வசதியான நிலம் அமையாது.

கீழே சந்தையில் மீன் கிலோவுக்கு விற்கப்படுகிறது. ஆனால் பிரான்சின் இந்த வடபகுதியில் கறுப்புச் சிப்பிகளைச் சில கடைகளில் லிட்டர் கணக்கில் அளந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. ஓடுகளுக்கு இடையே காற்று நிற்பதால் ஒரு லிட்டர் சிப்பி முக்கால் கிலோ அளவுக்குத்தான் வரும். வெண்ணெயும் வெங்காயமும் சேர்த்து வேகவைத்து, உருளைக்கிழங்கு வறுவலோடு மேசைக்கு வருகிறது அந்தச் சிப்பி. பொருள் அடைத்துக்கொள்ளும் இடம் ஒன்று, அதன் நிறை வேறு. இரண்டையும் இணைப்பது அடர்த்தி. படியால் நெல் அளந்து, தலைதட்டுவதா குவித்து அளப்பதா என்று வாதாடிய ஊர்களிலிருந்து வருகிறவருக்கு இது புதிதல்ல. புரட்சிக்கு முந்தைய பிரான்சிலும் தானிய மரக்கால்களை வைத்து இதே சண்டை நடந்தது. குவித்து வாங்கித் தலைதட்டிக் கொடுக்கிற பண்ணையார்கள் அங்கும் இருந்தார்கள்.

பாரிஸ்

1789-க்கு முன் பிரான்சில் ஏறத்தாழ 800 பெயர்களில் இரண்டரை லட்சம் வெவ்வேறு அளவுகள் புழங்கியதாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஒரே பெயருள்ள அளவு பக்கத்து ஊரில் வேறாக இருந்தது. துணிக்கு ஒரு நீளம், நிலத்துக்கு ஒரு நீளம். அரசரிடம் மக்கள் எழுதியனுப்பிய குறைப்பட்டியல்களில் வரிச்சுமையோடு அளவுக் குழப்பமும் இடம்பெற்றது. மீட்டரின் வரலாற்றில் மறக்கக்கூடாத பகுதி இது. அறிஞர்கள் தங்கள் வசதிக்காகக் கண்டுபிடித்ததாகவே மெட்ரிக் முறை பலருக்குத் தோன்றுகிறது. ஆனால் உழவர்களும் சிறு வணிகர்களும் கேட்டுக்கேட்டுக் களைத்த ஒன்றுக்குக் கிடைத்த விடை அது.

1795 ஏப்ரல் 7-ஆம் நாள் சட்டம் மீட்டர், லிட்டர், கிராம் என்ற பெயர்களை நிலைநாட்டியது. புதிய நீளத்தை மக்கள் கண்ணால் கண்டு பழக, நகரின் சுவர்களில் 16 பளிங்கு மீட்டர்கள் பதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வோழிரார் தெருவில் 36-ஆம் எண் கட்டடத்தின் வளைவு நடையில், வைத்த இடத்திலேயே இருக்கிறது. எதிரே செனட் அவை. அலுவலகத்துக்கு விரைகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கைப்பையை அதன் ஓரத்தில் சாய்த்து வைத்து யாருக்காகவோ காத்து நிற்பவர்களைக் காணலாம். ஓர் அளவு வெற்றி பெற்றதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது அரிது.

நகருக்குத் தெற்கே 1667-இல் நிறுவப்பட்ட வானாய்வகத்தின் நடுவே பாரிஸ் தீர்க்கரேகை ஓடுகிறது. அந்தக் கோட்டின் வழியே 1994-இல் தரையில் 135 வெண்கல வட்டங்கள் பதிக்கப்பட்டன. அளவீட்டில் பங்காற்றிய வானியலாளர் அராகோவின் பெயர் பொறித்த அவற்றுள் பல காணாமல் போய்விட்டன. எஞ்சியவற்றைத் தேடி நடப்பதே பாரிஸைப் பார்க்க நல்ல வழி. லூவர் முற்றத்தில் ஒன்று, லக்சம்பர்க் பூங்காவில் ஒன்று என்று அவை நகரின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு நேர்கோட்டில் போகின்றன.

நீளம் கிடைத்துவிட்டால் மற்றவை அதிலிருந்து வரும் என்பது இம்முறையின் அழகு. மீட்டரில் பத்தில் ஒரு பங்கைப் பக்கமாகக் கொண்ட கனசதுரம் ஒரு லிட்டர். அதில் அடங்கும் தூய நீரின் நிறை ஒரு கிலோகிராம். சொல்வது எளிது, செய்து காட்டியது பெரும் உழைப்பு. முதலில் லவாய்சியர் அதில் இறங்கினார். வேதிவினைகளில் நிறை அழிவதில்லை என்பதைத் தராசால் நிறுவியவர் அவர். வரி வசூல் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்ததற்காக 1794 மே 8-ஆம் தேதி அவர் தலை துண்டிக்கப்பட்டது. பழைய மடாலயக் கட்டடத்தில் இயங்கும் கலை-கைவினை அருங்காட்சியகத்தில் அவருடைய ஆய்வகக் கருவிகள் இன்றும் இருக்கின்றன. ஆளுயரத் தராசுகள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் அவற்றின் முன் தரையில் உட்கார்ந்து ஓவியம் வரைகிறார்கள்.

வேலையை 1799-இல் முடித்தவர்கள் லெஃபெவ்ர்-ஜினோவும் இத்தாலியரான ஃபாப்ரோனியும். உள்ளீடற்ற பித்தளை உருளை ஒன்றின் உயரத்தையும் விட்டத்தையும் பல இடங்களில் அளந்து அதன் கன அளவைக் கண்டார்கள். பிறகு அதைக் காற்றிலும் நீரிலும் நிறுத்தார்கள். நீரில் குறைகிற எடை, உருளை விலக்கிய நீரின் எடை. ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழிதான். உறைநிலையில் இருக்கும் நீரைவிட 4 பாகை செல்சியஸில் இருக்கும் நீர்தான் மிக அடர்ந்தது என்பதை உறுதிசெய்து, அந்த வெப்பநிலையையே கிலோகிராமுக்கு அடிப்படையாக வைத்தார்கள். பின்னாளில் சரிபார்த்தபோது, ஒரு கிலோ நீர் பிடிக்கும் இடம் 1.000028 கன டெசிமீட்டர் என்று தெரிந்தது. லட்சத்தில் மூன்று பங்குகூடப் பிசகவில்லை. கையால் கடைந்த உருளையை வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள் என்பதை வணங்கத்தான் தோன்றுகிறது.

1799 ஜூன் 22-ஆம் நாள் பிளாட்டினத்தால் ஆன மீட்டர் சட்டமும் கிலோகிராம் உருளையும் தேசிய ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டன. மக்கள் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1812-இல் நெப்போலியன் அரசு பழைய பெயர்களுக்கு இடங்கொடுத்தது. 500 கிராமுக்கு ‘லீவ்ர்’ என்ற பழம்பெயர் திரும்பி வந்தது. 1840 முதல் மெட்ரிக் மட்டுமே என்ற சட்டம் அமலானது. ஆனாலும் பாரிஸ் சந்தைகளில் ‘ஒரு லீவ்ர் செர்ரி’ என்று கேட்கும் முதியவர்களுக்கு இன்றும் அரைக் கிலோ நிறுத்துக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் எட்டு கிராம் தங்கத்தைச் சவரன் என்றும், பூவை முழம் என்றும், மனையைச் சென்ட் என்றும் கேட்பதைப் போலத்தான். கடையின் தராசு புது அளவைக் காட்டுகிறது. வாய் பழைய பெயரைச் சொல்கிறது.

செவ்ர்

பாரிஸுக்கு மேற்கே, சேன் ஆற்றின் வளைவில், மரங்கள் அடர்ந்த மேட்டில் பிரெத்தேய் மாளிகை இருக்கிறது. 1875 மே 20-ஆம் நாள் 17 நாடுகள் கையெழுத்திட்ட மீட்டர் உடன்படிக்கையின்படி அமைந்த உலக எடை அளவுப் பணியகம் இங்கே இயங்குகிறது. இந்தியா 1957-இல் இதில் சேர்ந்தது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன சிற்றூரின் ஓரத்தில், வாயிலோன் கதவைத் திறந்தால் ஒழிய உள்ளே நுழைய முடியாத அமைதியான வளாகம் அது.

இங்கே நிலவறையில், 39 மில்லிமீட்டர் உயரமும் அதே விட்டமும் கொண்ட பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்று கண்ணாடிக் கூடுகளுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அதை வெளியே எடுக்க மூன்று சாவிகள் வேண்டும். மூன்றும் வெவ்வேறு பொறுப்பாளர்களிடம் இருக்கும். 1889 முதல் 2019 வரை உலகிலுள்ள ஒவ்வொரு கிலோவும் இதன் வாரிசு. தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் 57-ஆம் எண் உருளை இதன் படிகளில் ஒன்று.

நூறாண்டு இடைவெளியில் படிகளோடு ஒப்பிட்டபோது, உருளைகளுக்குள் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு தோன்றியிருந்தது. மாறியது எது என்று சொல்ல வழியில்லை. மூல உருளையின் நிறை வரையறைப்படியே ஒரு கிலோகிராம் என்பதால், அது இளைத்தாலும் உலகம் பருத்ததாகத்தான் கணக்கு. இந்தச் சிக்கலிலிருந்து விடுபட, 2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய எடை அளவுப் பேரவை, இயற்கையில் மாறாத அளவான பிளாங்க் மாறிலியின் மதிப்பை நிலையாக வைத்து, கிலோகிராமை அதிலிருந்து பெறுவதென்று வாக்களித்தது. 2019 மே 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கிப்பிள் தராசு என்ற கருவி, ஒரு நிறையின் எடையை மின்காந்த விசையால் தாங்கி, அந்த மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்து நிறையைச் சொல்கிறது. மீட்டர் அதற்கு முன்பே உலோகத்தை விட்டு நீங்கிவிட்டது. 1960-இல் கிரிப்டான் ஒளியின் அலைநீளத்துக்கும், 1983-இல் ஒளியின் வேகத்துக்கும் மாறியது. வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் 29,97,92,458 மீட்டர் செல்கிறது. அந்த எண்தான் இன்றைய மீட்டர்.

மெலன்

முக்கோணங்களின் கோணங்களை மட்டும் அளந்தால் வடிவம் தெரியும், அளவு தெரியாது. ஒரே ஒரு பக்கத்தையாவது அடிக்கோடாகக் கொண்டு தரையில் உண்மையாக அளந்தாக வேண்டும். அதற்காக 1798 வசந்தத்தில் பாரிஸுக்குத் தென்கிழக்கே லியூசாங்கிலிருந்து மெலன் வரை நேராக ஓடும் நெடுஞ்சாலை தேர்வானது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பிரெஞ்சு அறிவியலாளர் போர்டா வடிவமைத்த நான்கு பிளாட்டினச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக முட்டவைத்து, கடைசிச் சட்டத்தை முன்னே கொண்டுபோய், மீண்டும் மீண்டும் அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாளொன்றுக்குச் சில நூறு மீட்டர்தான் நகர முடிந்தது.

வெயிலில் உலோகம் நீளும். அதைக் கணக்கிட, ஒவ்வொரு பிளாட்டினச் சட்டத்தின் மேலும் ஒரு செப்புப் பட்டை ஒரு முனையில் மட்டும் பொருத்தப்பட்டிருந்தது. பிளாட்டினத்தைவிடச் செம்பு அதிகம் விரியும். மறுமுனையில் இரண்டுக்கும் தெரியும் வேறுபாடே வெப்பநிலையைக் காட்டிவிடும். அளவுகோல் தன் காய்ச்சலைத் தானே சொல்லிக்கொண்டது. பொருளின் ஒரு பண்பை அளக்க இன்னொரு பண்பைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இந்தச் சாலை நல்ல பாடம்.

இன்று அதில் சரக்கு வண்டிகள் ஓடுகின்றன. இருபுறமும் கோதுமையும் கிழங்கும் விளைகின்றன. மெலன் சந்தையில் அவ்வூர்ப் பெயரில் விற்கும் பிரீ பாலாடைக்கட்டி, பழுத்து விளிம்பில் வழிய, வைக்கோல் மணத்தோடு கிடைக்கிறது. விற்கிற பெண்கள் கத்தியை எங்கே வைப்பது என்று கண்ணாலேயே கேட்பார்கள். 200 கிராம் என்றால் தராசு 205 காட்டும்.

இதே வேலை நான்கே ஆண்டுகள் கழித்துச் சென்னையில் நடந்தது. 1802 ஏப்ரலில் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியால் அளந்த அடிக்கோடும் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர்தான். இந்தியாவின் பெரும் முக்கோண அளவீடு அங்கிருந்து கிளம்பியது. பூமியின் உருவத்தை அறிவது அதற்கும் ஒரு நோக்கம். கோணம் அளக்க அவர் வரவழைத்த பெரிய தியோடலைட்டை வழியில் பிரெஞ்சுக் கப்பல் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனது. என்ன கருவி என்று தெரிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். போருக்கு நடுவிலும் அளவீட்டுக்குக் கிடைத்த மரியாதை அது.

கிளெர்மோன்-ஃபெராங்

தெற்கே போகப்போகச் சமவெளி சுருங்கி எரிமலை நாடு தொடங்குகிறது. கிளெர்மோன் நகரின் பேராலயம் கறுப்பு எரிமலைக் கல்லால் ஆனது. ஊருக்கு மேற்கே 1,465 மீட்டர் உயரத்தில் புய் த தோம் எழுகிறது. பற்சக்கர ரயில் கால் மணி நேரத்தில் மேலே கொண்டுவிடுகிறது. பச்சைப் போர்வை மூடிய எரிமலை வாய்கள் வரிசையாகக் கீழே தெரிகின்றன.

மெட்ரிக் முறைக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, பொருளின் பண்பொன்றை மலையேறி அளந்த இடம் இது. 1648 செப்டம்பர் 19 அன்று, பிளேஸ் பாஸ்கலின் மைத்துனர் ஃப்ளோரான் பெரியே பாதரசக் குழாயோடு இம்மலையில் ஏறினார். அடிவாரத்தில் ஒரு மடாலயத் தோட்டத்தில் இன்னொரு குழாயைத் துறவி ஒருவர் நாள் முழுதும் கண்காணித்தார், அது அசையவில்லை. உச்சியிலோ பாதரச மட்டம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. காற்றுக்கு எடை உண்டு, மேலே போகப்போக அதன் அழுத்தம் குறைகிறது என்பது ஒரே பகலில் முடிவானது. சோதனைக்குரிய குழாயும் ஒப்பீட்டுக்குரிய குழாயும் தனித்தனியே இருந்ததுதான் இதன் சிறப்பு. ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் அழுத்தம் ‘பாஸ்கல்’ என்று 1971-இல் பெயர் பெற்றது. காற்றடைத்து ஓட்டும் கார் டயர்களைச் செய்கிற உலகப் புகழ்பெற்ற மிஷலான் நிறுவனமும் இதே ஊரில்தான் இருக்கிறது என்பது பொருத்தமான தற்செயல்.

ரோடேஸ்

இரண்டு அளவீடுகளும் சேர்ந்த ஊர் ரோடேஸ். சிவந்த மணற்கல்லில் 87 மீட்டர் எழும் பேராலயக் கோபுரம் வெகுதொலைவிலிருந்தே வழிகாட்டுகிறது. வடக்கிலிருந்து டெலாம்பர் 1797-இல் இங்கே வந்து சேர்ந்தார். அவர் பட்டதைச் சொல்லி மாளாது. 1792 செப்டம்பரில் பாரிஸுக்கருகே சாந்-தெனியில் ஒற்றன் என்று நினைத்துக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. பெட்டிகளைத் திறந்து, நடுச்சதுக்கத்தில் ஒவ்வொரு கருவியின் பயனையும் பொழுது சாயும்வரை விளக்க வேண்டியிருந்தது. கோபுர உச்சியில் அடையாளத்துக்குக் கட்டிய வெள்ளைத் துணியை அரசரின் கொடி என்று ஊரார் கொதித்தபோது, அதில் சிவப்பும் நீலமும் சேர்த்துத் தைத்துச் சமாளித்தார். 1793 கடைசியில் புரட்சி அரசு அவரையே பணியிலிருந்து நீக்கியது. 1795-இல் திரும்ப அழைத்தது.

மலைநாட்டுச் சாப்பாடு கனமானது. மசித்த உருளைக்கிழங்கில் புதுப் பாலாடைக்கட்டியைக் கிளறி, அகப்பையைத் தூக்கினால் ஆளுயரத்துக்கு நூலாக நீளும் ‘அலிகோ’ ஒவ்வொரு உணவகத்திலும் உண்டு. அதைப் பரிமாறுகிறவர்கள் நீட்டிக் காட்டாமல் தட்டில் வைப்பதில்லை. எவ்வளவு நேரம் கிளறுவது என்று கேட்டால் கைக்குத் தெரியும் என்பார்கள். அளவுகள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை.

பெர்பிஞாங்

மத்தியதரைக் கடலின் ஒளி இங்கே முகத்தில் அறைகிறது. திராட்சைத் தோட்டங்களுக்குப் பின்னால் 2,784 மீட்டர் கனிகூ மலை பனியோடு நிற்கிறது. ஊர்ப் பலகைகளில் பிரெஞ்சோடு கட்டலானும் இருக்கிறது. வெர்னேயிலிருந்து சால்ஸ் கோட்டை நோக்கிக் கடல்கழியை ஒட்டி வடக்கே போகும் சாலையில், அதே பிளாட்டினச் சட்டங்களைக் கொண்டு 1798-இன் பிற்பகுதியில் இரண்டாவது அடிக்கோட்டை அளந்தார்கள்.

எதற்கு இரண்டாவது கோடு? மெலனில் அளந்த நீளத்தை வைத்து, முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்தால், 12 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தென்கோட்டின் அளவு முன்கூட்டியே கிடைத்துவிடும். தரையில் அளந்ததும் கணக்கில் வந்ததும் ஏறத்தாழ ஓர் அடி மட்டுமே வேறுபட்டன. இடையில் மலையும் காடும் புரட்சியும் கடந்த சங்கிலி அது.

போர்டாவின் வட்டக் கருவிக்கு இதில் பெரும்பங்கு உண்டு. இரண்டு தொலைநோக்கிகள் கொண்ட அந்த வட்டில், ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்பச் சேர்த்து அளந்து, மொத்தத்தை எண்ணிக்கையால் வகுப்பார்கள். கோடு கிழித்தவரின் பிழையும் கண்ணின் பிழையும் வகுபட்டுச் சிறுத்துவிடும்.

பார்சலோனா

எல்லா வகைப் பிழையும் அப்படி வகுபடுவதில்லை என்று மெஷானுக்குக் காட்டிய நகரம் இது. துறைமுகத்துக்கு மேலே மொன்ட்யூயிக் குன்றின் கோட்டையிலிருந்து 1792-93 குளிர்காலத்தில் விண்மீன்களைப் பார்த்து அட்சரேகையைக் கணித்தார். நகருக்கு வெளியே நீரேற்று நிலையம் ஒன்றைப் பார்க்கப்போனபோது நெம்புகோல் அடித்து விலா எலும்புகள் முறிந்தன. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியவில்லை. கோட்டைக்குள்ளும் போக முடியவில்லை. அடுத்த குளிர்காலத்தில், தங்கியிருந்த விடுதியிலிருந்து மீண்டும் அளந்தார். இரண்டு இடங்களையும் முக்கோணத்தால் இணைத்துப் பார்த்தால் மூன்று விகலைக்கு மேல் முரண்பாடு. நிலத்தில் அது சுமார் நூறு மீட்டர்.

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. பத்தாண்டுகள் மனத்துக்குள் வைத்து வெந்தார். ஆனால் குற்றம் அவருடையதாக இருக்கவில்லை. அவருடைய அளவுகள் ஒன்றோடொன்று அருமையாகப் பொருந்தின. ஒரே விடை திரும்பத் திரும்ப வருவது நுட்பம். அந்த விடை உண்மையோடு பொருந்துவது துல்லியம். முதலாவது இருந்தும் இரண்டாவது தவறலாம் என்பதைப் பிரித்துப் பேசும் கணிதம் அப்போது பிறந்திருக்கவில்லை. 1828-இல் நிக்கோலே என்ற வானியலாளர், உச்சிக்கு வடக்கே கடக்கும் விண்மீன்களையும் தெற்கே கடப்பவற்றையும் தனித்தனியே சராசரி எடுத்துச் சேர்த்தபோது, முரண்பாடு ஏறக்குறைய மறைந்துபோனது. கருவி ஒரு பக்கமாகப் பிசகியிருந்திருக்கிறது. நேர்மையான ஒரு மனிதர் கருவியின் கோளாறைத் தன் பாவமாகச் சுமந்ததைப் படிக்கையில் மனம் கனக்கிறது.

இன்றைய பார்சலோனா அவர் அளந்த தீர்க்கரேகையை மறக்கவில்லை. தீர்க்கரேகையின் திசையில் ஓடும் பெருஞ்சாலைக்கு மெரிடியானா என்றே பெயர்; அட்சரேகை வழியே போவது பரலெல். போக்கேரியா சந்தையில் தக்காளி தேய்த்த ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் நெத்திலியும் சாப்பிடுகிற கூட்டத்துக்கு நடுவே, கடைக்காரர்கள் கட்டலானில் கூவுகிறார்கள். விலைப் பலகைகள் கிலோவில் இருக்கின்றன. ஸ்பெயின் 1849-இல் மெட்ரிக் சட்டம் இயற்றியது.

தன் பிழையைச் சரிசெய்துவிடலாம் என்ற ஏக்கத்தோடு கோட்டைத் தெற்கே பாலியாரிக் தீவுகள் வரை நீட்டக் கிளம்பிய மெஷான், 1804 செப்டம்பரில் ஸ்பெயினின் காஸ்டெல்யோனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவருடைய தாள்களைத் தொகுத்தபோதுதான் டெலாம்பருக்கு உண்மை தெரிந்தது. 1806 முதல் இயற்பியலாளர் பியோவும் இளைஞரான அராகோவும் அந்த வேலையைத் தொடர்ந்து, ஃபோர்மென்டெரா தீவு வரை முடித்தார்கள். மயோர்காவில் மலையுச்சியில் தீ மூட்டிச் சைகை காட்டிய அராகோ ஒற்றனாகக் கருதப்பட்டு, பெல்வெர் கோட்டையில் சிறைப்பட்டார்.

துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரம் ஒரு கோடி மீட்டர் அல்ல, ஏறத்தாழ 1,00,02,000 மீட்டர் என்று இன்று தெரியும். அதாவது காப்பகத்துப் பிளாட்டினச் சட்டம் 0.2 மில்லிமீட்டர் குட்டையானது. மெஷானின் மூன்று விகலைக்கு இதில் சிறு பங்குதான். பூமி எவ்வளவு தட்டையானது என்று அன்று எடுத்துக்கொண்ட மதிப்பே பெரும்பாலான குறைக்குக் காரணம். 1872-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மீட்டர் ஆணையம் அதைத் திருத்தவில்லை. காப்பகத்தில் இருக்கும் சட்டம் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அதுதான் மீட்டர் என்று முடிவெடுத்து, புதிய படிகளை வார்க்கச் சொன்னது. அதன் பிறகு வந்த கிரிப்டான் மீட்டரும் ஒளிவேக மீட்டரும் அதே நீளத்துக்குப் பொருந்தும்படியே வரையறுக்கப்பட்டன.